வேண்டாம் என்று சொல்ல ஓர் உயிரெழுத்து

மெக்ஸிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் ஒரு மாத்திரை அட்டையைக் காட்டி இரண்டு வாக்கியங்கள் சொல்லலாம். 'நோ தோமா லா பஸ்தீயா' என்றால் அவர் மாத்திரை சாப்பிடுவதில்லை என்று அர்த்தம். 'நோ தோமே லா பஸ்தீயா' என்றால் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். முதலாவது நர்ஸ் டாக்டரிடம் சொல்லும் தகவல். இரண்டாவது டாக்டர் நோயாளிக்கு விதிக்கும் தடை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஓர் உயிரெழுத்து: ஆ-வா, ஏ-யா என்பதுதான் கேள்வி. அரைகுறை ஸ்பானிஷ் தெரிந்த ஒருவர் வாயில், அவசரத்தில், அந்த எழுத்து வழுக்கினால் தடை தகவலாகிவிடும். நோயாளி யாரைப் பற்றியோ ஏதோ சொல்கிறார்கள் என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மாத்திரையைப் போட்டுக்கொள்ளக்கூடும்.

ஏறக்குறைய 50 கோடிப் பேரின் தாய்மொழி ஸ்பானிஷ். 20 நாடுகளில் அரசு மொழி. அந்த மொழியில் 'செய்' என்று சொல்லக் கற்பது அரை மணி நேர வேலை. 'செய்யாதே' என்று சொல்லக் கற்பதுதான் இழுத்தடிக்கும். விதி கடினமானது என்பதால் அல்ல. விதியை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். அது கற்பவரின் எதிர்பார்ப்புக்குக் குறுக்கே நிற்பதுதான் சங்கடம்.

ஸ்பானிஷ் வினைச்சொற்களுக்கு முடிவை வைத்து மூன்று குடும்பங்கள்: ஆர், ஏர், ஈர். 'அப்லார்' என்றால் பேசுவது, 'கொமேர்' சாப்பிடுவது, 'எஸ்கிரிபீர்' எழுதுவது. ('அப்லார்' முன்னால் ஒரு ஹெச் உண்டு. எழுதுவதோடு சரி, உச்சரிக்க மாட்டார்கள்.) 'நீ' என்று அழைக்கக்கூடிய நெருக்கமானவரிடம் கட்டளையிடுவது சுலபம்: 'ஆப்லா', 'கோமே', 'எஸ்கிரீபே'. பேசு, சாப்பிடு, எழுது. இதையே மறுத்துச் சொல்ல முன்னால் ஒரு 'நோ' போட்டால் போதும் என்று யாருக்கும் தோன்றும். போட்டால் கிடைப்பது 'நோ ஆப்லா'. அதற்கு 'அவன் பேசுவதில்லை' என்று அர்த்தம். கட்டளை காணாமல் போய்விட்டது.

சரியான வடிவம் 'நோ ஆப்லேஸ்', 'நோ கோமாஸ்', 'நோ எஸ்கிரீபாஸ்'. ஆர் குடும்பத்துக்குச் சொந்தமான ஆ போய் ஏ வந்திருக்கிறது. மற்ற இரண்டு குடும்பங்களில் ஏ இருந்த இடத்துக்கு ஆ வந்திருக்கிறது. பண்டமாற்று போலக் குறுக்கே இடம் மாறிக்கொள்கின்றன. கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஸ்' நீ என்பதற்கான அடையாளம். வகுப்பில் சொல்லித்தரும் சூத்திரம் இதுதான்: நான் பேசுகிறேன் என்பதற்கான 'ஆப்லோ'வை எடு, கடைசி ஓ-வைக் கழற்று, எதிர் உயிரெழுத்தை மாட்டு. ஒழுங்கான வினைகள் எல்லாம் இதற்குக் கட்டுப்படும். 'தொகார்', அதாவது தொடுவது, போன்ற சில சொற்களில் எழுத்துக்கூட்டல் மட்டும் சற்று மாறும். தொடாதே என்பது 'நோ தோகேஸ்'. க என்ற ஒலியைக் காப்பாற்றுவதற்காக எழுத்தை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். காது கேட்பதில் ஒரு மாற்றமும் இல்லை. புதிதாகப் படிப்பவர்கள் இதை விதிவிலக்கு என்று எண்ணி மிரள்வது வீண்.

இங்கே மிரளவே தேவையில்லாத ஒரு கூட்டம் உண்டென்றால் அது தமிழர்கள். 'பேசு' என்பதற்கு மறுப்பாக 'இல்லை பேசு' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்வதில்லை. 'பேசாதே' என்கிறது. கட்டளைச் சொல் அப்படியே நிற்க, முன்னால் ஒரு மறுப்பை ஒட்டும் வேலையே தமிழில் கிடையாது. தடை என்றால் வேறு கட்டுமானம் என்பது தாய்ப்பாலோடு வந்த அறிவு. ஆனால் இந்தியாவில் ஸ்பானிஷ் கற்பவர்கள் அனேகமாக ஆங்கிலத்தின் வழியாகக் கற்கிறார்கள். தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் துறை இருக்கிறது. ஸ்பெயின் அரசின் செர்வான்டெஸ் கலாசார நிலையம் 2009-இல் அங்கே கிளை திறந்தது. ஆங்கிலத்தில் 'ஸ்பீக்', 'டோன்ட் ஸ்பீக்': 'ஸ்பீக்' அசைவதில்லை. இந்தியிலும் 'போலோ', 'மத் போலோ': 'போலோ' அப்படியே இருக்கிறது. இந்த இரண்டு மொழிகளின் தோளில் ஏறிப் பார்த்தால் 'நோ ஆப்லேஸ்' கோணலாகத்தான் தெரியும். சென்னையிலிருந்து போன மாணவரும் ஆங்கிலப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, தன் வீட்டிலேயே இருக்கும் சாவியை மறந்துவிட்டுப் பூட்டோடு மல்லுக்கட்டுகிறார்.

கோணல் ஸ்பானிஷில் மட்டும் இல்லை என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. யோஹான் வான் டெர் அவ்வேரா, லூடோ லெஜூன் என்ற இரண்டு மொழியியலாளர்கள் உலகெங்குமிருந்து 495 மொழிகளை எடுத்து, தடைக் கட்டளை எப்படி அமைகிறது என்று வகை பிரித்தார்கள். வழக்கமான கட்டளைச் சொல்லோடு வழக்கமான மறுப்பைச் சேர்த்தால் போதும் என்ற மொழிகள் 113 மட்டுமே. மீதி எல்லாம் வினையையோ மறுப்பையோ அல்லது இரண்டையுமோ மாற்றுகின்றன. ஸ்பானிஷ் போல மறுப்புச் சொல்லை மாற்றாமல் வினையை மட்டும் மாற்றுகிறவை 55. 'செய்யாதே' என்பது 'செய்' என்பதன் வெறும் எதிர்மறை அல்ல என்று முக்கால்வாசி மொழிகளுக்குத் தோன்றியிருக்கிறது.

சரி, அந்த வேறு வடிவம் எங்கிருந்து வந்தது? அதற்கு 'சுப்ஹுந்தீவோ' என்று பெயர். நடந்ததை, நடப்பதைச் சொல்லாமல், விருப்பத்தை, சந்தேகத்தை, அச்சத்தை, இன்னும் நடக்காததைச் சொல்ல ஸ்பானிஷ் தனியாக வைத்திருக்கும் வடிவம். 'நீ பேச வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பது 'கியேரோ கே ஆப்லேஸ்'. அந்த 'ஆப்லேஸ்'தான் 'நோ ஆப்லேஸ்' என்பதிலும் வருகிறது. ஆகவே ஸ்பானிஷில் பேசாதே என்பவர் இலக்கணப்படி கட்டளையிடவில்லை. 'நீ பேசாதிருப்பாயாக' என்று விரும்புகிறார். தமிழ் இலக்கணத்தில் ஏவலுக்குப் பக்கத்து வீட்டில் வியங்கோள் குடியிருக்கிறது. செய்க, வாழ்க என்பவை அதன் பிள்ளைகள். செய்யற்க என்பது அதன் எதிர்மறை. சுப்ஹுந்தீவோவின் எல்லை இதைவிட விரிந்தது என்றாலும், 'செய்யற்க' என்ற தொனி காதில் விழுந்தவருக்கு 'நோ ஆப்லேஸ்' அந்நியமாக இருக்காது.

இதைவிட ருசிகரமான சமாச்சாரம் மரியாதையில் இருக்கிறது. பெரியவர்களை, அறிமுகமில்லாதவர்களை ஸ்பானிஷில் 'உஸ்தேத்' என்பார்கள். 'புவெஸ்த்ரா மெர்செத்', அதாவது 'தங்கள் கருணை' என்ற பழைய அரண்மனை விளிப்பு வாயில் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. உஸ்தேத்திடம் 'பேசுங்கள்' என்பதற்கு 'ஆப்லே'. 'பேசாதீர்கள்' என்பதற்கு 'நோ ஆப்லே'. இங்கே மட்டும் வினை மாறவே இல்லை. காரணம், மரியாதைக் கட்டளை தொடக்கத்திலிருந்தே விருப்ப வடிவம்தான். 'தங்கள் கருணை பேசட்டும்' என்ற தோரணை. நேரடிக் கட்டளை என்ற கத்தியை ஸ்பானிஷ் இரண்டு இடங்களில் உறையிலேயே வைத்திருக்கிறது: பெரியவரிடம் பேசும்போதும், யாரிடமாவது வேண்டாம் என்று சொல்லும்போதும். தடுப்பதும் மரியாதை செய்வதும் ஒரே உடுப்பைப் போட்டுக்கொள்கின்றன. அதனால்தான் டாக்டரின் 'நோ தோமே'யில் கண்டிப்பு, பணிவு இரண்டும் ஒன்றாகக் கேட்கின்றன.

பழக்கம் லத்தீனிலேயே ஆரம்பித்துவிட்டது. லத்தீனில் கண்ணியமாகத் தடை சொல்ல 'நோலி' என்று தொடங்குவார்கள். அதற்கு 'விரும்பாதே' என்று பொருள். 'தொடாதே' என்று சொல்லாமல் 'தொட விரும்பாதே' என்பார்கள். இந்தச் சொல்லால் தொடங்கும் தலைப்பு ஒன்று ஆசியாவில் ஒரு நாட்டின் சரித்திரத்தையே தொட்டது.

பிலிப்பைன்ஸ் தீவுகள் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, ஹோஸே ரிஸால் என்ற இளம் கண் வைத்தியர் ஐரோப்பாவில் படித்துக்கொண்டே ஸ்பானிஷில் ஒரு நாவல் எழுதினார். 1887-இல் பெர்லினில் அச்சாயிற்று. அச்சுக் கூலிக்குப் பணமில்லாமல் நண்பர் மாக்ஸிமோ பியோலா கொடுத்து உதவ, 2000 பிரதிகள் போடப்பட்டன. தலைப்பு 'நோலி மே தாங்கெரே': என்னைத் தொடாதே. உயிர்த்தெழுந்த இயேசு மகதலேனா மரியாளிடம் சொல்வதாக யோவான் சுவிசேஷத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பில் வரும் சொற்கள். (ரிஸால் ஒரு கடிதத்தில் லூக்கா என்று குறிப்பிட்டுவிட்டார்.) தொட்டாலே வலிக்கும் ஒரு புற்றுநோய் தன் தாய்நாட்டின் உடம்பில் இருக்கிறது என்று முன்னுரையில் எழுதினார். நோய் என்று அவர் சுட்டியதில் பாதிரிமார்களின் அதிகாரமும் அடக்கம். தொட்ட கையை அவர்கள் சும்மா விடவில்லை. அதே ஆண்டு மணிலாவில் தணிக்கைக் குழு புத்தகத்தை இறக்குமதி செய்வதையும் அச்சிடுவதையும் புழக்கத்தில் விடுவதையும் அறவே தடுக்கச் சிபாரிசு செய்தது. 'என்னைத் தொடாதே' என்ற புத்தகத்தைத் தொடாதே என்று உத்தரவு! மக்கள் இரண்டையும் கேட்கவில்லை, ஒளித்து வைத்துப் படித்தார்கள். 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் ரிஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35.

அந்தத் தலைப்பை அவர் ஸ்பானிஷில் வைத்திருந்தால் 'நோ மே தோகேஸ்' என்று வந்திருக்கும். 'தொகார்' ஒழுங்கான வினை. ஆ போய் ஏ. இன்னொன்றும் அதில் கவனிக்கலாம். 'என்னைத் தொடு' என்றால் 'தோகாமே': 'என்னை' என்ற 'மே' வினைக்குப் பின்னால் வாலாக ஒட்டிக்கொள்கிறது. தடையில் அது பிய்த்துக்கொண்டு முன்னால் ஓடி, 'நோ'வுக்கும் வினைக்கும் நடுவே நுழைகிறது. நீல நிறச் சின்னப் பூ ஒன்றுக்கு ஸ்பானிஷ்காரர்கள் வைத்த பெயரில் இந்த வரிசை அப்படியே உறைந்திருக்கிறது: 'நோமெயொல்பீதேஸ்', என்னை மறவாதே. முழு வாக்கியமே ஒரே சொல்லாகி, பூக்கடையில் விலை கேட்கும் பெயராகிவிட்டது.

'நோலி' ஸ்பானிஷில் தங்கவில்லை. லத்தீனிலேயே இன்னொரு பாதையும் இருந்தது: 'நே' என்ற சொல்லோடு விருப்ப வடிவம். ஸ்பானிஷ் அந்த வழியில் நடந்தது. 'நே' உதிர்ந்த இடத்தில் 'நோ' வந்து உட்கார்ந்தது. போர்த்துகீஸும் கூடவே வந்தது. பிரெஞ்சு சாதாரணக் கட்டளையையே மறுத்துவிடுகிறது. இத்தாலியமோ 'நீ' என்பவரிடம் 'பேசுதல் வேண்டாம்' என்கிற மாதிரி வினையின் மூலப் பெயரைப் போட்டு முடித்துவிடுகிறது. ஒரே தாயின் மக்கள், ஆளுக்கொரு பழக்கம்.

அந்த இத்தாலியப் பழக்கம் ஸ்பெயினின் சுவர்களிலும் உண்டு. பொது இடங்களில் 'நோ ஃபுமார்', புகைபிடித்தல் வேண்டாம். மியூசியத்தில் 'நோ தொகார்'. பூங்காவில் 'நோ பிஸார் எல் செஸ்பெத்', புல்லை மிதித்தல் வேண்டாம். ஓட்டல் அறைக் கதவில் தொங்கும் அட்டையில் 'நோ மொலெஸ்தார்' என்று பார்த்து ஆங்கிலம் தெரிந்தவர்கள் திடுக்கிடுவது உண்டு. தொந்தரவு செய்ய வேண்டாம் என்பதற்கு மேல் அதில் விபரீதம் எதுவும் இல்லை. யாரென்று தெரியாதவர்களுக்கு, மொத்தமாக, முகமில்லாமல் சொல்லும் தடை இது. 1713-இல் தொடங்கிய ஸ்பானிஷ் ராயல் அகாதமி, அறிவிப்புப் பலகைக்கு இந்த வடிவம் தகும் என்கிறது. எதிரே நிற்கும் ஆளிடம் இப்படிச் சொல்வதை அது விரும்புவதில்லை. நியாயம்தான். குழந்தையிடம் யாராவது போர்டு மாதிரிப் பேசுவார்களா?

தடை மாதிரித் தோன்றித் தடையே அல்லாத ஒன்றும் ஸ்பெயினிலிருந்து உலகப் புகழ் பெற்றது. உள்நாட்டுப் போர் வெடித்த கையோடு, 1936 ஜூலையில் மாட்ரிட் வானொலியில் பேசிய கம்யூனிஸ்ட் தலைவி தொலோரெஸ் இபார்ருரி முழங்கிய 'நோ பஸாரான்'தான் அது. 'பஸார்', கடந்து வருவது, சாதுவான ஆர் வினை. எதிரியிடம் 'வராதீர்கள்' என்று சொல்வதாக இருந்தால் 'நோ பாஸென்' என்றிருக்க வேண்டும். அது விருப்பம், கிட்டத்தட்ட வேண்டுகோள். அவர் எதிரியிடம் பேசவே இல்லை. தன் மக்களிடம் 'அவர்கள் வர மாட்டார்கள்' என்று எதிர்காலத்தில் அறிவித்தார். வேண்டுகோளைக் கோஷமாக எழுப்ப முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1939 மார்ச்சில் பிராங்கோவின் படை மாட்ரிட்டில் நுழைந்தது. வென்றவர்கள் பக்கத்துப் பாட்டு ஒன்றின் தலைப்பு 'இதோ வந்துவிட்டோம்' என்று இறந்தகாலத்தில் பதில் சொன்னது.

எதிர்காலத்தை இப்படிக் கட்டளையாக்கும் வழக்கம் வேதத்திலும் இருக்கிறது. பத்துக் கட்டளைகளில் கொலை, களவு பற்றியவை ஸ்பானிஷ் பைபிளில் விருப்ப வடிவத்தில் இல்லை. 'கொல்ல மாட்டாய்', 'திருட மாட்டாய்' என்ற ரீதியில் எதிர்காலத்தில் நிற்கின்றன. கடவுள் விரும்புவதில்லை, நடக்கப்போவதைச் சொல்கிறார். அரசியல் சட்டங்கள் எழுதியவர்களுக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. ஆண்டெஸ் மலைநாடுகளில் கெச்சுவா மொழி பேசுபவர்களிடம் மூன்று பழைய தடைகள் வழங்குகின்றன: 'அமா சுவா, அமா யுயா, அமா கேயா'. திருடாதே, பொய் சொல்லாதே, சோம்பியிராதே. கெச்சுவாவில் சாதாரண மறுப்புக்கு 'மனா' என்றும், தடைக்கென்றே தனியாக 'அமா' என்றும் சொல் இருக்கிறது. இந்த மூன்றையும் எக்வடோர் 2008-இலும் பொலிவியா 2009-இலும் தங்கள் அரசியல் சட்டத்திலேயே சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் ஸ்பானிஷிலும் தந்தன. பொலிவியா விருப்ப வடிவத்தில், 'நீ' என்று குடிமகனைத் தோளில் தட்டிச் சொல்கிறது. எக்வடோர் பூங்காப் பலகை மாதிரி, 'திருடுதல் வேண்டாம்' பாணியில் எழுதிவிட்டது. ஒரே பழமொழி, பக்கத்துப் பக்கத்து ஆண்டுகள், ஒரே மொழியில் இரண்டு தொனி. 'அமா'வின் நெருக்கம் பொலிவியாவின் மொழிபெயர்ப்பில்தான் மிஞ்சியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் விதி ஓர் இடத்தில் இன்னும் உறையாமல் இருக்கிறது. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் நெருங்கியவரை 'போஸ்' என்று அழைக்கிறார்கள். அதற்குக் கட்டளை வடிவமே தனி: 'கொர்ரேர்' என்பது ஓடுவது, போஸிடம் 'ஓடு' என்றால் 'கொர்ரே', கடைசி அசையில் அழுத்தம். தடைக்கு வரும்போது அவர்களும் மற்ற ஸ்பானிஷ்காரர்களோடு சேர்ந்து 'நோ கோர்ராஸ்' என்று முதல் அசையை அழுத்துகிறார்கள். பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் தெருவில் இன்னொன்றும் கேட்கும்: அதே எழுத்துகள், அழுத்தம் மட்டும் கடைசி அசைக்குத் தாவியிருக்கும். இது சற்றுக் காட்டமானது என்பது ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயம். பூயெனோஸ் அயிரெஸ் பூங்காவில் பிள்ளையை விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாய் முதல் தடவை 'நோ கோர்ராஸ்' என்பாள். பிள்ளை காதில் வாங்காமல் ஓடும். இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை அழுத்தம் கடைசிக்குப் போகும். பிள்ளை நின்றுவிடும்.